சின்ன மாமா வீட்டு வைஃபை

"சரிங்க மேடம், பதினோரு மணிக்கே வச்சுக்கலாம்" என்று சொல்லி போனை வைத்த பிறகுதான், என் வீட்டில் நெட் இல்லை என்பது எனக்கு உறைத்தது. முந்திரிக்கொட்டை என்று என் அம்மா சும்மாவா திட்டினாள்! கேள்வி வந்து விழுவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் எனக்கு. அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனி. மோட்டார் வாங்கிய விவசாயிகள் ஓடவில்லை, தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிட்டுத் திட்டுவார்கள். வீட்டில் இருந்தபடியே லேப்டாப்பில் அந்த அழைப்பை எடுத்து, பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. "பொறுமையா? நீயா?" என்று என் வீட்டுக்காரர் அய்யப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். மினி லாரி ஓட்டுகிறவருக்கு என்ன தெரியும், சிரிக்கட்டும். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது முகம் பார்த்துப் பேசும் இன்டர்வியூ மட்டும்தான்.

நான் பி.சி.ஏ. படித்தவள். பெயர் தீபலட்சுமி. கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு ஆபீசில் இருந்தேன். திருச்சுழிக்கும் உள்ளே தள்ளி இருக்கும் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, கிடைத்த வேலை ஒவ்வொன்றும் பஸ்ஸில்தான் செத்தது. இங்கிருந்து திருச்சுழிக்கு ஒரு பஸ், அங்கிருந்து அருப்புக்கோட்டைக்கு இன்னொரு பஸ். ஒன்று வரும்போது மற்றது போயிருக்கும். மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன் வருகிறது, அதில் போகலாம். ஆனால் விடியுமுன் ஏறி இருட்டிய பிறகு இறங்கினால், பால்வாடிக்குப் போகிற என் மகளை நான் தூக்கத்தில்தான் பார்க்க முடியும். வீடு தேடி வந்த வேலை இது ஒன்றுதான். இதுவும் இல்லையென்றால் அடுத்த மாதம் வேனில் ஏறுகிறேன் என்று நானே ஒத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மத்தியானம் மூன்று மணிக்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள். மத்தியான பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டையில் என் தோழி வீட்டுக்குப் போய் அங்கே உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. ஏனென்றால் முந்தாநாள் ரோட்டை அகலப்படுத்த வந்த ஜேசிபி, எங்கள் வீட்டுக்கு வரும் நெட் வயரைக் கொத்தாக அள்ளிப் போட்டுவிட்டது. சரி செய்ய ஆள் வருகிறார், வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார். இப்போது அந்த மேடம் மத்தியானம் வெளியூர் போகிறாராம், பதினோரு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். நானும் பெரிய இவள் மாதிரி சரி என்றுவிட்டேன். மணி ஒன்பதரை. காலை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் பதினொன்றுக்குத்தான் ஊருக்குள்ளேயே வரும்.

லேப்டாப்பைத் திறந்தேன். மூலையில் எங்கள் வீட்டு வைஃபை ஜம்மென்று நின்றது. முற்றத்தில் காயப்போட்ட கொத்தமல்லி விதையை மரத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்த என் மாமனார் முத்துராமலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"அதான் கோடு எல்லாம் முழுசா இருக்கே, ஏத்தா? பெறகென்ன?"

"கோடு இருக்கு மாமா. குழாயி நல்லாத்தான் இருக்கு, தொட்டியில தண்ணி இல்ல. வயரு அந்து போச்சுல்ல."

"தண்ணி இல்லைன்னா கோட்ட எதுக்குக் காட்டுறான் எடுபட்ட பய" என்று அவர் கம்பெனிக்காரனைத் திட்டினார். அவருக்கும் கோபம் மூக்கு நுனியில்தான். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் இந்த வீட்டில் கோபப்படுவதற்கு நாங்கள் இரண்டு பேர்தான். முறை வைத்துக் கோபப்படுவோம்.

போனில் இருக்கும் நெட்டை லேப்டாப்புக்கு ஊட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் போன் பேச மட்டும்தான் டவர் இருக்கும், நெட் ஓடும் அளவுக்கு டவர் கிடைக்கும் இடம் ஊரிலேயே தண்ணீர்த் தொட்டியடி ஒன்றுதான். போனையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே குடத்தோடு நின்றவர்கள் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "லோனு எழுதுறியா?", "முதியோர் பணம் எனக்கு நின்னு போச்சே, அதுல கொஞ்சம் பாரு தாயி" என்று ஆளுக்கு ஒரு பக்கம். வெயிலில் திரை ஒரு மண்ணும் தெரியவில்லை. சோதனைக்குத் தோழியைக் கூப்பிட்டால், அவள் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து மறுபடி லேப்டாப்பைப் பார்த்தபோது, எங்கள் வைஃபைக்குக் கீழே இன்னொரு பெயர் தெரிந்தது. வீரபத்திரன் வீடு. பக்கத்தில் ஒரு பூட்டுப் படம். நாலு கோட்டில் மூன்று நிறைந்திருந்தது. அந்த வீட்டு வயர் பின் தெரு வழியாக வருவதால் ஜேசிபி கையில் சிக்கவில்லை.

வீரபத்திரன் என் மாமனாரின் கூடப்பிறந்த தம்பி. எனக்குச் சின்ன மாமா. நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் நாலு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். மாசிக் களரிக்கு, அதாவது எங்கள் குலசாமி கும்பிடுக்கு, ஊர் எல்லையில் ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தார்கள். அடித்துக் கொடுத்தவன் தம்பி படத்தைத் தேர் மாதிரி பெரிதாகப் போட்டு, அண்ணன் படத்தை மூலையில் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி ஒட்டிவிட்டான். அண்ணன் பேனர் முன்னால் நின்று ஒரு வார்த்தை சொன்னார். தம்பி ஒரு வார்த்தை சொன்னார். "உன் வீட்டுல இருந்து ஒரு பொட்டுத் தண்ணி என் வீட்டுக்குள்ள வந்தா நான் மனுசன் இல்லடா" என்று அண்ணன் சாமி முன்னால் சத்தியம் செய்துவிட்டார். அதோடு போயிற்று. பேனர் அந்த ஆடிக் காற்றிலேயே கிழிந்துவிட்டது. இவர்கள் கிழிந்ததைத் தைக்க ஆளில்லை.

நான் மாமனாரிடம் போய் நின்றேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"மாமா, சின்ன மாமா வீட்டு வைஃபை இங்க வருது. அதுல சேந்துக்கிறேன்."

கையிலிருந்த துடுப்பு நின்றது. "என் சத்தியம் என்னாகும்?"

"தண்ணி வரக்கூடாதுன்னுதான் சத்தியம் பண்ணுனீக. இது காத்துல வருது."

அவர் வானத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "காத்துக்குப் பட்டா கெடையாது" என்றார் கடைசியில். "ஆனா நான் பாக்கல, எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்குப் போயி யாரும் நிக்கக் கூடாது. வாய்விட்டுக் கேக்கவும் கூடாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மல்லியை அள்ளி அவர் தலையிலேயே கொட்டியிருப்பேன். கேட்காமல் பாஸ்வேர்டு எப்படி வரும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டாமா? நானே ஊகித்து அடிக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பாஸ்வேர்டு குலசாமி பெயர்தான். மீதி வீட்டில் பேரப்பிள்ளை பெயர். இரண்டு வீட்டுக்கும் ஒரே சாமி என்பதால் அதை முதலில் போட்டேன். தவறு என்றது. சிங்கப்பூரில் இருக்கும் அவர்கள் மகன் மருதுபாண்டியின் பெயரைப் போட்டேன். தவறு. அந்த மகனோடு வீடியோவில் பேசத்தானே அவர்கள் லைனே போட்டார்கள், அதுவும் இல்லையாம். மணி பத்தைத் தாண்டிவிட்டது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் விளக்குமாறு சத்தம் கேட்டது. சின்னத்தை சண்முகவடிவு. சின்ன மாமாவின் மனைவி.

பேச்சு இல்லாத வீட்டுப் பெண்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. நேரில் பேசக்கூடாது, அவ்வளவுதான். ஆட்டைப் பார்த்துப் பேசலாம், கோழியைத் திட்டலாம். அது அந்த வீட்டுக் காதில் விழுந்தால் நாம் என்ன செய்ய? சாடைப் பேச்சு என்போம். நாலு வருடமாக எனக்கும் சின்னத்தைக்கும் சண்டையும் அதில்தான், சேதியும் அதில்தான். ரேஷனில் பாமாயில் போடுகிறார்கள் என்பதை அவர் தன் கோழிக்குச் சொல்லி நான் போய் வாங்கியிருக்கிறேன். ஆண்களுக்கு இந்தச் சூட்சுமம் ஏது? சுவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பத்தான் தெரியும்.

நான் எங்கள் செவலை ஆட்டின் முன்னால் போய் நின்றேன்.

"ஏ செவல! உனக்கென்ன, கொழைய மென்னுக்கிட்டு நிக்க. எனக்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூடி! நெட்டு வயர ஜேசிபிக்காரன் அத்துப் போட்டுட்டான். பக்கத்துல வைஃபை நெறஞ்சு வழியுது, பாஸ்வேர்டு தெரியாம நான் சாகுறேன். உனக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தா நீ ஏன் ஆடாப் பொறக்கப் போற!"

விளக்குமாறு நின்றது.

"ஏ கோழி" என்றார் சின்னத்தை. "குப்பையக் கெளறாம இப்படிக் கிட்ட வா. உங்கிட்ட ஒண்ணு சொன்னா ஊரெல்லாம் கொக்கரிக்க மாட்டியே?"

"ஆடு யாருகிட்டயும் சொல்லாது" என்று நான் ஆட்டின் கழுத்தைத் தடவினேன்.

"அது ஒரு ஆள் பேரு. என் வாயால சொல்ல மாட்டேன். மூத்தவுக பேர நான் எப்படிச் சொல்லுவேன்?"

எனக்கு விளங்கவில்லை. "ஏ செவல, யாரு மூத்தவுகன்னு எனக்கு ஒண்ணும் புரியலயே."

சின்னத்தைக்கும் கோபம் வந்துவிட்டது. "அட கூறுகெட்ட கோழி! பி.சி.ஏ. படிச்ச கோழிக்கு இதுகூடவா தெரியாது? உன் வீட்டு ரேஷன் கார்டுல மொதப் பேரு யாரு பேரு? என் வீட்டுக்காரருக்கு அண்ணன் எத்தன பேரு இருக்காக? அந்தப் பேருதான். ஆதார் கார்டுல இங்கிலீஷ்ல போட்டிருக்க மாதிரியே அடி. கடைசியில ஒண்ணு ரெண்டு மூணு."

நான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். முற்றத்தில் மாமனார் துடுப்பைப் பிடித்தபடி சிலையாக நின்றார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

லைன் போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. பேச்சு நின்று நாலு வருடம். கணக்கு எனக்கே இடித்தது. ஆட்டிடம் கேட்டேன். "ஏ செவல, பேசாதவுக பேர யாராச்சும் வைப்பாகளா?"

"லைன் போட வந்த பையன் கேட்டான், கோழி. ஊருல எவனும் நெனச்சுக்கூடப் பாக்க முடியாத பேரா ஒண்ணு சொல்லுங்கன்னான். இவுக பட்டுனு அந்தப் பேரச் சொல்லிட்டாக. சொல்லிட்டு அன்னைக்கு ராத்திரி சாப்புடவே இல்ல" என்றார் சின்னத்தை. குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "சரி, நான் மில்லுல மாவு அரைக்கப் போறேன். அடிக்கிற பேர எல்லாம் சின்ன எழுத்தா அடி."

"பாத்தியா!" என்று முற்றத்திலிருந்து ஒரு சத்தம். மாமனார்தான், மல்லியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "இங்கயும் என்னயச் சின்னதாத்தான் போட்டிருக்கான்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்க நேரமில்லை. மாமனாரின் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தேன். மாமா என்றே கூப்பிட்டுப் பழகிய எனக்கு அந்தப் பெயரை அடிக்கக் கூச்சமாகத்தான் இருந்தது. பூட்டு திறந்துகொண்டது. ஆனால் என் லேப்டாப்போ தொழுவம் மாறாத மாடு. இரண்டு நிமிடத்தில் சின்ன மாமா வீட்டை விட்டுவிட்டு, தண்ணி இல்லாத எங்கள் வீட்டு வைஃபை பெட்டியிலேயே போய் ஒட்டிக்கொண்டது. லேப்டாப்பிலேயே அதைத் தடுத்துவிட வழி உண்டு. அந்தப் பதற்றத்தில் அது எங்கே ஞாபகம் வருகிறது?

"மாமா, நம்ம வீட்டுப் பொட்டிய அமத்துங்க! அது இருந்தா இது அங்க போக மாட்டேங்குது!"

அவர் உள்ளே போனார். சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு வைஃபை திரையிலிருந்து மறைந்தது. லேப்டாப் வேறு வழியில்லாமல் சின்ன மாமா வீட்டில் போய் உட்கார்ந்தது.

வீட்டுக்குள் கோடு ஒன்றுதான் வந்தது. கொல்லைச் சுவரை ஒட்டி, ஆட்டுக்கொட்டகை ஓரத்தில்தான் மூன்று வந்தது. சரி, அதுதான் என் ஆபீஸ். ஸ்டூலின் மேல் லேப்டாப், எனக்குப் பிரம்பு மோடா, பின்னால் கொட்டகை தெரியாமல் இருக்க ஒரு நீலப் போர்வை. மேலே பட்டுச் சேலை ரவிக்கை, காலுக்கருகில் ஆட்டுப் புழுக்கை. கேமராவுக்குக் கால் தெரியாது.

பதினோரு மணிக்கு மேடத்தின் முகம் வந்தது. கண்ணாடி போட்ட, சாந்தமான முகம். படிப்பு, பழைய வேலை எல்லாம் கேட்டார். நான் ஒழுங்காகச் சொன்னேன். நடுவில் செவலை ஒரு கத்து கத்தியது.

"அது என்ன சத்தம்?"

"ஆடு மேடம். எங்க கஸ்டமரும் ஆட்டுக்குப் பக்கத்துல நின்னுதான் போன் பண்ணுவாங்க."

அவர் சிரித்துவிட்டார். எனக்குத் தெம்பு வந்தது. அடுத்துக் கேட்டார். "ஒரு விவசாயி கூப்பிடுறாரு. பயிர் காயுது, மோட்டார் ஓடி ஓடி நிக்குது. உங்களைக் கெட்ட வார்த்தையில திட்டுறாரு. என்ன பண்ணுவீங்க?"

இதுதான் கேள்வி. இதற்குத்தான் ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பொறுமை பழகியிருந்தேன். "முதல்ல அவரைப் பேச விடுவேன் மேடம். அவரு திட்டுறது என்னை இல்ல, காயுற பயிரப் பாத்து…" என்று தொடங்கினேன். மேடத்தின் முகம் அசையாமல் நின்றது. அப்புறம் மறைந்தே போயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பட்டியலில் வீரபத்திரன் வீடு என்ற பெயரே இல்லை.

மோடாவில் ஏறிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வயக்காட்டிலிருந்து திரும்பிய சின்ன மாமா கொல்லை வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவர் போர்வெல் மோட்டார் வைத்து விவசாயம் பார்க்கிறவர். எந்த மோட்டாரையும் ஒரு நேரத்துக்கு மேல் ஓட விடமாட்டார், சூடாகிவிடும் என்று அணைத்து ஆறப்போடுவார். வைஃபை பெட்டிக்கும் அதே வைத்தியம். வெயில் ஏறினதும் பெட்டியை நிறுத்தி வைத்துவிடுவார் என்று சின்னத்தை கோழியிடம் எத்தனை தடவை புலம்பியிருக்கிறார்! சின்னத்தையோ மாவு மில்லில். சின்ன மாமாவுக்கு நான் அதில் சேர்ந்திருப்பதே தெரியாது.

"மாமா, போச்சு!" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபக்காரிக்கு அழுகை வந்தால் அதை நிறுத்தத் தெரியாது. "சின்ன மாமா பொட்டிய அமத்திட்டாக. அந்த மேடம் எவ்வளவு நேரம் காத்திருப்பாக? நான் மில்லு வேன்லதான் ஏறணும் போல!"

மாமனார் என்னைப் பார்த்தார். துடுப்பைக் கீழே போட்டார். விறுவிறுவென்று சுவரடிக்கு வந்தார். வந்தவர், பாவம், பெண்கள் மாதிரி சாடை பேசிப் பார்த்தார். ஆட்டைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"ஏ ஆடே! சில பேரு நல்லா ஓடிக்கிட்டிருக்கதக் கெடுத்துட்டுக் காலு கழுவுறாக!"

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "ஏ மாடே! சில பேருக்கு நான் காலு கழுவுனாக் கூடப் பொறுக்கலயாம்!"

"ஆடே! அமத்துனதத் திருப்பிப் போடச் சொல்லு!"

"மாடே! என் வீட்டுல எதப் போடணும், எத அமத்தணும்னு சொல்ல எவனுக்கு என்ன அதிகாரம்னு கேளு!"

நாலு வருடம் பழகாத வாயில் சாடை எப்படி ஒழுங்காக வரும்? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மணி ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்து எக்கினார்.

"ஏலே வீரா!"

அந்தப் பக்கம் மாடுகூட அசையவில்லை.

"ஏலே, வீரா! மருமக பரீட்சையில இருக்காடா. உன் பொட்டியிலதான் உக்காந்திருக்கா. நீ அமத்துனதும் அந்து போச்சு. அவ அழுகுறாடா. போயி அந்தச் சுச்சப் போடுலே!"

அப்புறம் சொம்பு உருளும் சத்தம், ஈரக்கால் தபதபவென்று ஓடும் சத்தம். உள்ளிருந்து சின்ன மாமாவின் குரல் மூச்சிரைக்க வந்தது.

"போட்டுட்டேன்ணே!"

"வெளக்கு எரியுதா?"

"செவப்பா எரியுதுண்ணே!"

"செவப்பாவா? ஏத்தா, செவப்பு சரியா?"

"பச்சை வரணும் மாமா!"

"பச்சை வரணுமாம்லே!"

"வரலண்ணே. கண்ணு கண்ணாச் சிமிட்டுது!"

"தட்டித் தொலச்சிராத! சும்மா நில்லு! இப்ப?"

"இன்னும் சிமிட்டுதுண்ணே… அண்ணே, அண்ணே, பச்சை! பச்சை வந்துருச்சுண்ணே!"

அந்தப் பெட்டிக்கு உயிர் வர இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் சின்ன மாமா எத்தனை அண்ணே போட்டார் என்று எண்ண முடியாது. நாலு வருடத்துக்கும் சேர்த்துப் போட்டிருப்பார். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தேன். பெயர் வந்துவிட்டது. தானாகவே சேர்ந்துகொண்டது. மேடம் அங்கேயேதான் இருந்தார், நல்ல மனுஷி.

"மன்னிச்சுக்கோங்க மேடம், நெட் போயிருச்சு."

"பரவாயில்லை. விட்ட இடத்துல இருந்து சொல்லுங்க."

சொன்னேன். ஆனால் கண்ணாடி முன்னால் பழகியதெல்லாம் மறந்துபோயிற்று. "திட்டுறவங்களுக்கு உள்ள ஏதோ ஒண்ணு வலிக்குது மேடம். அது என்னன்னு தெரியுற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். மேடம் ஏதோ எழுதிக்கொண்டார்.

அதற்குள் சுவரடியில் சத்தம் ஏறிவிட்டது. "நான் அந்தப் பேனரு அடிக்கவே சொல்லலண்ணே! கடைக்காரன் பண்ணுனதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" "அன்னைக்கே அத வந்து சொல்றதுக்கென்னடா?" "நீ சொல்ல விட்டியா? சாமி முன்னால சத்தியம் பண்ணிட்டுப் போயிட்ட!" "நான் கோவத்துல பண்ணுனா நீயும் அதப் புடிச்சுக்கிட்டுத் தொங்குவியா?" தெருவே கேட்டிருக்கும்.

மேடம் புருவத்தைத் தூக்கினார். "வெளியே சண்டையா?"

"இல்ல மேடம்" என்றேன். "பேசிக்கிறாங்க."

அவர் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "கடைசியா ஒண்ணு. இது முழுக்க நெட்டை நம்பி இருக்கிற வேலை. இன்னைக்கு மாதிரி நடுவுல போயிட்டா என்ன பண்ணுவீங்க? உங்ககிட்ட வேற ஏற்பாடு இருக்கா?"

நான் யோசிக்கவில்லை. வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு லைன் இருக்கு மேடம். ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு. அது போனா இன்னொண்ணும் எங்க வீட்டுலதான் இருக்கு."

என் குரல் எப்போதும் எட்டு வீட்டுக்குக் கேட்கும். சுவரடியில் சண்டை சட்டென்று நின்றுவிட்டது. மேடம் சிரித்தபடி, "திங்கட்கிழமை பயிற்சி ஆரம்பம், மெயில் வரும். ஆட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க" என்றார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது. கும்பிட்டேன்.

திரை மூடியதும் திரும்பிப் பார்த்தேன். சுவருக்கு மேலே சின்ன மாமாவின் தலை தெரிந்தது. ஏதோ கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அண்ணே, மருமகளுக்கு வேலை கெடச்சிருச்சு போலயே" என்றார்.

"கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு" என்றார் மாமனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஏலே, திருடன் மாதிரி சுவத்துல நின்னு என்ன பேச்சு? வாசல் வழியா வாலே."

நான் காப்பி போட உள்ளே ஓடினேன்.